நேயர்கள் கொடுத்த பணமும் நேயர்களுக்கு இருந்த உரிமையும்

2025 ஜூலை 24 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பொதுத் தொலைக்காட்சிக்கும் பொது வானொலிக்கும் அடுத்த இரண்டு நிதியாண்டுகளுக்கென்று அந்நாட்டு காங்கிரஸ் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்த சுமார் 110 கோடி டாலர் அந்தக் கையெழுத்தோடு திரும்பப் பெறப்பட்டது. மசோதா செனட்டில் 51-க்கு 48 என்றும், பிரதிநிதிகள் சபையில் 216-க்கு 213 என்றும் நூலிழையில் நிறைவேறியது. பணம் பறிபோகப் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்தே நேயர்கள் நிலையங்களுக்குப் பணம் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். மூன்று மாதத்தில் புதிதாக 1.2 லட்சம் பேர் நன்கொடையாளர்களாகச் சேர்ந்தார்கள். அவர்கள் தருவது ஆண்டுக்கு 2 கோடி டாலராவது தேறும் என்று அப்போது கணக்கிட்டார்கள்.

நெகிழ்ச்சியான செய்திதான். ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. மத்திய அரசிடமிருந்து வந்துகொண்டிருந்தது ஆண்டுக்கு 53.5 கோடி டாலர். ஒரு பொது நிறுவனத்தை அதன் நேயர்களின் அன்பு மட்டுமே தாங்குமா என்ற கேள்வி அமெரிக்காவில் எழுபது ஆண்டுகளாக இருந்து வருகிறது. தாங்காது என்பதே என் முடிவு. காரணம் தொகை போதாது என்பது மட்டுமன்று. அரசுப் பணத்தோடு நேயருக்குச் சில உரிமைகளும் சேர்ந்து வந்தன. நன்கொடையோடு அவை வருவதில்லை. இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியை அரசு தொடங்கவில்லை. 1952-இல் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் நாடு முழுவதும் 242 அலைவரிசைகளைக் கல்வி ஒளிபரப்புக்கென ஒதுக்கியது. வணிக நிறுவனங்கள் அத்தனையையும் அள்ளிக்கொள்ளாமல் இருக்கப் போராடியவர், அந்த ஆணையத்தின் முதல் பெண் உறுப்பினரான ஃப்ரீடா ஹென்னாக். அலைவரிசை கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. கோபுரம் எழுப்பவும் கேமரா வாங்கவும் அந்தந்த ஊரே வழி தேட வேண்டியிருந்தது. முதல் நிலையம் 1953-இல் ஹூஸ்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் தோளில் எழுந்தது. அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்கில் டபிள்யூ.கியூ.ஈ.டி. தொடங்கியபோது வீட்டுக்கு 2 டாலர் வீதம் ஊர்மக்களிடம் கேட்டு வாங்கினார்கள். ஊரார் சேர்ந்து நடத்திய முதல் தொலைக்காட்சி என்ற பெருமை அதற்கு உண்டு. அந்த நிலையத்தில் பொம்மைகளுக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்த ஃப்ரெட் ராஜர்ஸ் என்ற இளைஞர் பின்னாளில் ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கே அண்டை வீட்டு மாமா ஆனார்.

சான் பிரான்சிஸ்கோவின் கே.கியூ.ஈ.டி. கதையைச் சற்று நின்று பார்க்கலாம். 1954-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய அந்த நிலையம் ஓராண்டுக்குள்ளேயே மூடும் நிலைக்கு வந்தது. கையில் காசில்லை, மூடிவிடலாம் என்று நிர்வாகக் குழு நினைத்தபோது ஊழியர்கள் ஒரு வாய்ப்புக் கேட்டார்கள். 1955-இல் தொலைக்காட்சியிலேயே ஏலம் விட்டார்கள். ஊர்க் கடைக்காரர்களும் குடும்பங்களும் கொடுத்த பொருள்களைக் கேமரா முன் வைத்து, இது இன்னார் கொடுத்தது, என்ன விலைக்குக் கேட்கிறீர்கள் என்று கூவ, வீட்டிலிருந்தபடி ஜனங்கள் தொலைபேசியில் விலை கேட்டார்கள். நிலையம் பிழைத்தது. ஏலம் ஆண்டுத் திருவிழாவாக நிலைத்தது. பாஸ்டன் உட்படப் பல ஊர்கள் அதைப் பின்பற்றின. பொருள் கொடுத்த தையல் கடைக்காரர், தொலைபேசி எடுத்த தன்னார்வலர், ஏலத்தில் நாற்காலி வாங்கிய ஆசிரியை என்று எல்லோருக்குமே அந்த நிலையம் தங்களுடையது என்ற உணர்வு வந்தது. பணத்தைவிட இந்த உணர்வுதான் பொதுத் தொலைக்காட்சியின் அடித்தளம் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் ஏலத்தில் நாடு தழுவிய ஒரு சேவையை நடத்த முடியாது. 1967-இல், பொதுத் தொலைக்காட்சியின் எதிர்காலத்தை ஆராய்ந்த கார்னகி ஆணையம் ஓர் அறிக்கை தந்தது. புதிய தொலைக்காட்சிப் பெட்டிகளின் மீது சிறு வரி விதித்து, அந்தப் பணத்தை அரசியல்வாதிகள் கை வைக்க முடியாத அறக்கட்டளை நிதியாக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான பரிந்துரை. அதிபர் லிண்டன் ஜான்சன் அதே ஆண்டு நவம்பர் 7 அன்று பொது ஒளிபரப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மத்தியப் பணத்தை நிலையங்களுக்குப் பகிர்ந்து தரும் பொது ஒளிபரப்புக் கழகம் பிறந்தது. வரி மட்டும் விடுபட்டுப்போனது. காங்கிரஸ் மனம் வைத்தால் பணம், இல்லையென்றால் இல்லை என்ற ஏற்பாடு அன்றே நிலைத்துவிட்டது. 2025-இல் நடந்ததற்கு விதை 1967-இலேயே விழுந்துவிட்டது.

இரண்டே ஆண்டில் முதல் சோதனை வந்தது. 1969 மே மாதம் செனட் துணைக்குழுவின் முன் 2 கோடி டாலர் ஒதுக்கீடு விவாதத்துக்கு வந்தது. நிக்சன் நிர்வாகம் அதைப் பாதியாக்கப் பார்த்தது. குழுத் தலைவர் ஜான் பாஸ்டோர் எளிதில் மசியாதவர். பிட்ஸ்பர்கிலிருந்து வந்திருந்த ஃப்ரெட் ராஜர்ஸ் எழுதி வந்த தாளை ஓரமாக வைத்துவிட்டு, கோபம் வந்தால் அதை என்ன செய்வது என்று குழந்தைகளுக்குத் தாம் எப்படிச் சொல்லித் தருகிறார் என்பதை மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஏறக்குறைய ஆறு நிமிடம். கேட்டுக்கொண்டிருந்த பாஸ்டோர் தனக்கு மெய்சிலிர்த்ததாகச் சொல்லி, அந்த 2 கோடியை நீங்கள் சம்பாதித்துவிட்டீர்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். அந்தக் காட்சிப் பதிவை இன்றும் பார்க்கலாம். ஒரு மனிதரின் நேர்மையான பேச்சு ஒரு துறைக்கே சோறு போட்ட அபூர்வ நாள் அது.

1972-இல் நிக்சன் பொது ஒளிபரப்பு நிதி மசோதாவைத் தடை அதிகாரத்தால் திருப்பி அனுப்பினார். மறுவருடம் நிக்சனை உலுக்கிய வாட்டர்கேட் ஊழல் விசாரணை செனட்டில் நடந்தது. வணிகத் தொலைக்காட்சிகள் பகலில் முறைவைத்து ஒளிபரப்ப, பொதுத் தொலைக்காட்சி பகலில் காட்டியதை இரவிலும் முழுதாக மறுஒளிபரப்புச் செய்தது. வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் இரவு வெகுநேரம் விழித்திருந்து பார்த்தார்கள். அதைத் தொகுத்து வழங்கிய ராபர்ட் மெக்நீலும் ஜிம் லேரரும் நேயர்களுக்கு அறிமுகமானது அப்போதுதான். கடிதங்களும் காசோலைகளும் நிலையங்களில் வந்து குவிந்தன. அரசு கையை இறுக்கியபோது நேயர் அள்ளிக் கொடுத்த முதல் பெரிய தருணம் அது. 1975-இல் காங்கிரஸ் புதிய ஏற்பாடு ஒன்றைச் செய்தது. நிலையங்கள் உள்ளூரில் திரட்டும் பணத்துக்கு ஈடாக, ஒரு விகிதப்படி மத்தியப் பணமும் வரும். ஆக, பாட்டி அனுப்பும் 10 டாலர் தனியாகப் போகவில்லை, கூடவே அரசுப் பணத்தையும் இழுத்து வந்தது. நேயர் ஆதரவும் அரசு ஆதரவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்படி செய்த இந்த ஏற்பாடு அருமையானது. அது அழிந்ததைத்தான் நான் பெரிய இழப்பு என்கிறேன்.

நன்கொடை வாரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வசிக்கும் தமிழர்களுக்கு இது பழகிய காட்சி. நல்ல நிகழ்ச்சி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்துவார்கள். தொகுப்பாளர் ஒருவர் நிற்பார், பின்னால் மேசை வரிசையில் தன்னார்வலர்கள் தொலைபேசியோடு உட்கார்ந்திருப்பார்கள். 60 டாலர் கொடுத்தால் துணிப்பை, கூடுதலாகக் கொடுத்தால் இசைத்தட்டுத் தொகுப்பு என்று அறிவிப்பு வரும். எந்த நிகழ்ச்சியின் இடைவேளையில் எத்தனை அழைப்பு வந்தது, எவ்வளவு சேர்ந்தது என்று நிலையத்தில் கணக்கு வைப்பார்கள். அந்தக் கணக்குதான் பல நிகழ்ச்சிகளின் தலையெழுத்து.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் 'டாக்டர் ஹூ' ரசிகர்கள். பி.பி.சி.யின் அந்த அறிவியல் புனைவுத் தொடர் 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சிகளுக்கு வந்தது. அயோவா, நியூ ஜெர்சி, சிகாகோ என்று பல இடங்களில் அதற்கு வெறிகொண்ட கூட்டம் சேர்ந்தது. இணையம் இல்லாத காலம். ஊர் ஊராக ரசிகர் மன்றங்கள் எழுந்தன. நன்கொடை இரவுகளில், தொடரின் நாயகனாக நடித்த டாம் பேக்கர் அணிந்த அந்த நீளமான கோடுபோட்ட கழுத்துத்துண்டைப் போலவே வீட்டில் பின்னிப் போட்டுக்கொண்டு வந்து, தொலைபேசி மேசையில் உட்கார்ந்து அழைப்புகளை எடுத்தார்கள். நன்கொடை தரும்போது இது இந்தத் தொடருக்காக என்று சொல்லியே கொடுத்தார்கள். பொருளாதார வலு பெரிதாக இல்லாத மாணவர்களும் இளைஞர்களும், தாங்கள் விரும்பும் நிகழ்ச்சியை ஒளிபரப்பில் தக்கவைத்தார்கள். இங்கிலாந்தில் மக்கள் கட்டணம் கட்டி எடுத்த தொடரை அமெரிக்காவில் மக்கள் நன்கொடை கொடுத்து ஓட வைத்தார்கள். நிலையத்துக்கும் நேயருக்கும் இடையே இருந்த அந்த நெருக்கத்தை இன்றைய ஸ்ட்ரீமிங் நிறுவனம் எதனாலும் தர முடியாது. அங்கே ஒரு தொடரை நிறுத்தினால் யாரிடம் போய்க் கேட்பது?

இதே முறையின் மறுபக்கம் கசப்பானது. வருடம் முழுவதும் ஆவணப்படமும் அறிவியலும் காட்டும் நிலையம், பணம் கேட்கும் வாரம் வந்ததும் அவற்றையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பழைய பாட்டுக் கச்சேரிகள், பியானோ விழாக்கள், உடல் மெலிய வழி, மூளை கூர்மையடைய வழி, பணம் பெருக வழி என்று சொல்லும் பேச்சாளர்கள் என மாறிவிடும். மருத்துவ ஆதாரம் குறைவான பேச்சுகளும் இந்த வாரங்களில் நுழைந்ததுண்டு. பொதுத் தொலைக்காட்சி நிலையங்களின் வலைப்பின்னலான பி.பி.எஸ்.ஸின் குறைதீர்ப்பாளரே இதைக் கண்டித்து எழுதியிருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டிய, கொஞ்சம் வசதியுள்ள நேயரின் நினைவேக்கத்துக்கு ஏற்ப நிகழ்ச்சி வளைகிறது. கொடுப்பவர் கை ஓங்கினால் கொடுக்க முடியாதவரின் தேவை பின்னுக்குப் போகும்.

கொடுக்க முடியாதவர்களும் இந்தத் தொலைக்காட்சியின் ஆதரவாளர்களே. அவர்கள் செய்த வேலை நன்கொடைப் பட்டியலில் வராது. 1968-இல் பாஸ்டனின் டபிள்யூ.ஜி.பி.ஹெச். கறுப்பின மக்களுக்காகக் கறுப்பினத்தவரே தயாரித்த 'சே பிரதர்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1970-இல் நியூ பெட்ஃபோர்டு கலவரத்தைப் பற்றிய ஒரு பகுதிக்குப் பிறகு நிலையம் அதை நிறுத்தியது. அந்த மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், நிகழ்ச்சி திரும்பி வந்தது. பெயர் மாறி அது பல பத்தாண்டுகள் ஓடியது. அதே 1970-இல் மிசிசிப்பி மாநில ஆணையம் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியைத் தன் மாநிலத்தில் காட்டக் கூடாது என்று முடிவெடுத்தது. வெள்ளைக் குழந்தைகளும் கறுப்புக் குழந்தைகளும் ஒரே தெருவில் சேர்ந்து விளையாடுவதுதான் காரணம். செய்தி வெளியானதும் எழுந்த கூச்சலில் சில வாரங்களில் ஆணையம் பின்வாங்கியது. அலபாமாவில் இதைவிடப் பெரிய செயல். மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி கறுப்பின மக்களைப் பற்றிய நிகழ்ச்சிகளை ஆண்டுக்கணக்கில் தவிர்த்து வந்ததை உள்ளூர்வாசிகள் சிலர் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்தில் முறையிட்டார்கள். 1975-இல் ஆணையம் அந்த உரிமங்களைப் புதுப்பிக்க மறுத்தது. ஒரு மாநிலத்தின் பொதுத் தொலைக்காட்சியையே நேயர்கள் பதில் சொல்ல வைத்தார்கள்.

இவர்கள் ஒரு டாலர் கொடுத்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. அலைவரிசை பொதுச் சொத்து, அதனால் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று நின்றார்கள். அந்த உரிமையைச் சட்டமும் ஒப்புக்கொண்டது. பொது ஒளிபரப்புக் கழகத்தின் மானியம் வாங்கும் நிலையங்களுக்குக் காங்கிரஸ் சில நிபந்தனைகள் வைத்தது. நிர்வாகக் குழுக் கூட்டங்கள் பொதுமக்கள் வந்து உட்காரும்படி திறந்திருக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். ஊராரின் லாபநோக்கற்ற அமைப்புகள் நடத்தும் நிலையங்களில் சமூக ஆலோசனைக் குழு ஒன்று இருக்க வேண்டும். ஊரின் பலதரப்பட்ட தேவைகளை நிகழ்ச்சிகள் நிறைவு செய்கின்றனவா என்று அந்தக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும். பல ஊர்களில் அந்தக் குழு சம்பிரதாயத்துக்குக் கூடியிருக்கலாம். ஆனாலும் ஒரு பைசா கொடுக்காத மனிதர் உள்ளே போய் உட்கார்ந்து கேள்வி கேட்கச் சட்டம் வைத்த கதவு அது.

இப்போது அந்த மானியம் இல்லை. 2025 ஆகஸ்டில் கழகம் தன் பணிகளைச் சுருக்கிக்கொள்வதாக அறிவித்தது. பெரும்பாலான ஊழியர்கள் செப்டம்பர் இறுதியோடு வெளியேறினார்கள். 2026 ஜனவரியில் கழகத்தைக் கலைத்துவிட நிர்வாகக் குழு முடிவெடுத்தது. மானியம் போனால் மானியத்தோடு கட்டியிருந்த நிபந்தனையும் போகும். பெருநகர நிலையங்கள் பழக்கத்தால் அதைத் தொடரலாம். தொடராவிட்டால் யார் கேட்பது என்பதற்கு இன்று பதில் இல்லை.

பணத்தின் அடி எங்கே விழும் என்பதில் சந்தேகமே இல்லை. பி.பி.எஸ். வலைப்பின்னலில் முந்நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட உறுப்பு நிலையங்கள் உண்டு. பொதுத் தொலைக்காட்சியின் மொத்த வருவாயில் மத்தியப் பணம் சராசரியாக 15 சதவீதம்தான் என்பார்கள். சராசரி இங்கே உண்மையை மறைக்கிறது. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நன்கொடையாளர் கூட்டம் இருக்கிறது. அலாஸ்காவின் பெத்தல் ஊருக்குச் சாலை வழியே போக முடியாது, விமானம்தான். அங்கே ஆங்கிலத்திலும் யூபிக் மொழியிலும் ஒலிபரப்பும் ஒளிபரப்பும் செய்யும் கே.ஒய்.யு.கே. நிலையத்தின் வருவாயில் ஏறக்குறைய 70 சதவீதம் மத்தியப் பணமாக இருந்தது. பணம் நின்ற அதே மாதம், 2025 அக்டோபரில், ஹாலாங் புயலின் எச்சம் மேற்கு அலாஸ்காவைத் தாக்கியது. கிப்னுக், குவிகில்லிங்கோக் கிராமங்களில் வீடுகள் அடித்தளத்தோடு பெயர்ந்து மிதந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். முதியவர்களுக்குப் புரியும் மொழியில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது அந்த நிலையம். அந்தக் கிராமங்களிடம் போய் மாதம் 5 டாலர் கேட்பதா?

பெரிய அறக்கட்டளைகள் சில சேர்ந்து, விழும் நிலையில் உள்ள நிலையங்களுக்கு இடைக்கால நிதி திரட்டியிருக்கின்றன. நல்ல காரியம், ஆனால் அது இடைக்காலம்தான். அர்கன்சாஸ் மாநிலத் தொலைக்காட்சி ஆணையம் 2025 டிசம்பரில் பி.பி.எஸ்.ஸிலிருந்து விலகவே முடிவெடுத்தது. ஆண்டுக்கு சுமார் 25 லட்சம் டாலர் சந்தா கட்டுப்படியாகவில்லை என்பது அதன் காரணம். லாஸ் ஏஞ்சலஸின் கே.சி.ஈ.டி. போன்ற பெரிய நிலையமே 2011-இல் இதே சந்தாச் சண்டையில் வெளியேறி, பின்பு வேறொரு நிலையத்தோடு இணைந்துதான் வலைப்பின்னலுக்குத் திரும்பியது என்பதை நினைத்தால், சிறிய நிலையங்களின் நிலை விளங்கும்.

பிற நாடுகள் என்ன செய்கின்றன என்று ஒரு பார்வை. இங்கிலாந்தில் வீட்டுக்கு ஆண்டுக்கு 174.50 பவுண்டு உரிமக் கட்டணம் என்று 2025 ஏப்ரலில் நிர்ணயித்தார்கள். அமெரிக்கர் ஒருவருக்கு மத்திய அரசு செலவிட்டது ஆண்டுக்கு சுமார் ஒன்றரை டாலர். நம் தூர்தர்ஷனோ அரசுப் பணத்திலும் விளம்பரத்திலும் நடக்கிறது. நேயர் அதில் உறுப்பினராக வழியில்லை. சென்னைத் தொலைக்காட்சியில் நேயர் கடிதங்களைப் படித்துப் பதில் சொன்ன 'எதிரொலி' நிகழ்ச்சியைப் பலர் இன்றும் அன்போடு நினைவுகூர்கிறார்கள். கடிதம் எழுதினால் நிலையம் பதில் சொல்லும் என்ற அந்தச் சிறு மரியாதைக்கே நம் மக்கள் எவ்வளவு ஏங்கியிருந்தார்கள் என்பதற்கு அது சான்று. அமெரிக்க நேயருக்குக் கிடைத்தது அதைவிடப் பெரியது: பணமும் கொடுக்கலாம், கூட்டத்திலும் உட்காரலாம்.

நன்கொடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1973-இலும் 2025-இலும் நிலையங்களைத் தாங்கியது அதுதான். அரசு முகம் சுளிக்கும் செய்தியைத் துணிந்து சொல்ல நிலையத்துக்குத் தெம்பு தந்ததும் அதுவே. ஆனால் அது பொதுப்பணத்தின் இடத்தை நிரப்பாது. பெத்தல் ஊருக்கும் மிசிசிப்பிக் குழந்தைக்கும் நேயர் என்ற முறையில் உள்ள உரிமையைப் பொதுப்பணம் மட்டுமே காக்கும். கார்னகி ஆணையம் 1967-இல் சொன்ன தனி வரி, தனி நிதி என்ற யோசனைக்கு அமெரிக்கா திரும்ப வேண்டும். இன்றைய காங்கிரஸ் அதைச் செய்யாது. அடுத்ததோ அதற்கடுத்ததோ செய்ய வேண்டுமானால், அதுவரை கேட்டுக்கொண்டே இருக்கும் மக்கள் வேண்டும்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் ஃப்ரெட் ராஜர்ஸின் வாரிசு நிகழ்ச்சியான 'டேனியல் டைகர்' பார்த்து வளர்ந்திருந்தால், உங்கள் ஊர் நிலையத்துக்கு மாதம் முடிந்ததைக் கொடுங்கள். முடிந்தால் உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு கிராமப்புற நிலையத்துக்கும் கொடுங்கள். அதோடு நிறுத்தாமல், சமூக ஆலோசனைக் குழு இன்னும் இருக்கிறதா, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டம் என்றைக்கு, அதற்கு வரலாமா என்று நிலையத்துக்கு எழுதிக் கேளுங்கள். வரலாம் என்றால் போய் உட்காருங்கள்.